டிசம்பருக்கு முன் ஒரு விண்ணப்பம்: பள்ளி நிர்வாகக் குழுக்களிலுள்ள ஐரோலித் தமிழ்ப் பெற்றோருக்கு

நவி மும்பையின் ஐரோலி, ரபாளே, திகா வட்டாரத்து மாநகராட்சித் தொடக்கப் பள்ளிகளின் நிர்வாகக் குழுக்களில் அங்கம் வகிக்கும் தமிழ்த் தாய்மார்களுக்கும் பெரியோர்களுக்கும்:

உங்கள் கையில் ஓர் அதிகாரம் இருக்கிறது என்பதே உங்களில் பலருக்குத் தெரியாது என்று நான் சொன்னால், அதைக் குற்றச்சாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். குழந்தையைப் பள்ளியில் சேர்த்துச் சில நாட்கள் கழித்து ஒரு கூட்டத்துக்கு வரச் சொன்னார்கள், போனீர்கள். நீளமான ஒரு ரிஜிஸ்டரை முன்னால் வைத்து, 'இங்கே ஒரு சஹி போடுங்கள்' என்றார்கள், கையெழுத்துப் போட்டீர்கள். அன்று முதல் நீங்கள் பள்ளி நிர்வாகக் குழுவின் உறுப்பினர். சம்பளமில்லாத, வாகனமில்லாத, வீட்டு வாசலில் ஒரு பெயர்ப்பலகை மாட்டிக்கொள்ளவும் வழியில்லாத இந்தப் பதவியை ஊரார் பதவியென்று மதிப்பதில்லை, சட்டம் மதிக்கிறது. 2009-இல் பாராளுமன்றம் நிறைவேற்றி, 2010 ஏப்ரல் 1 அன்று அமலுக்கு வந்த இலவசக் கட்டாயக் கல்விச் சட்டம், அரசாங்கப் பள்ளியும் உதவி பெறும் பள்ளியும் ஒவ்வொன்றும் ஒரு நிர்வாகக் குழுவை அமைத்தாக வேண்டுமென்றும், அக்குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவோ காப்பாளராகவோ இருக்கவேண்டுமென்றும், மொத்த உறுப்பினரில் பாதிப்பேர் பெண்களாயிருக்க வேண்டுமென்றும், பின்தங்கிய பிரிவினரின் பெற்றோர் அவரவர் தொகைக்கேற்ப இடம்பெற வேண்டுமென்றும் தனது 21-ஆம் பிரிவில் விதித்திருக்கிறது. அதற்கடுத்த பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது: பள்ளியின் அபிவிருத்தித் திட்டத்தை வகுக்க வேண்டியது அந்தக் குழுவே என்று சொல்லி, அரசாங்கமோ உள்ளாட்சி மன்றமோ பின்னர் போடும் திட்டத்துக்கும் வழங்கும் மானியத்துக்கும் அந்தக் காகிதமே ஆதாரம் என்று முடிக்கிறது. ஆக, அதிகாரிகள் எழுதி உங்கள் பார்வைக்கு அனுப்பிவைக்கும் திட்டமன்று இது. நீங்கள் எழுதி அதிகாரிகளின் பார்வைக்கு அனுப்ப வேண்டியது.

மத்திய அரசாங்கத்தின் மாதிரி விதிகளின்படி இது மூன்றாண்டுத் திட்டம். ஒவ்வோர் ஆண்டுக்கும் தனித்தனியே ஓர் உட்திட்டம் உண்டு. எந்த வகுப்பில் எத்தனை குழந்தைகள் வருவார்கள், கூடுதலாக எத்தனை ஆசிரியர்கள் வேண்டும், கட்டடத்திலும் உபகரணங்களிலும் என்ன குறை, வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கப்பட்டும் பாடத்தில் பின்தங்கி நிற்கும் குழந்தைகளுக்கு விசேஷப் பயிற்சி தர என்ன செலவாகும் என்பவையெல்லாம் அதில் வரவேண்டும். நிதியாண்டு முடிய மூன்று மாதம் இருக்கும்போதே அதை எழுதி முடித்தாக வேண்டும். நிதியாண்டு மார்ச்சில் முடிகிறதென்றால் கெடு டிசம்பர் 31 என்று ஆகிறது. தீபாவளி விடுமுறைக்குப் பிறகு வரும் வாரங்களே உண்மையில் உங்களுக்குள்ள அவகாசம். இம்மடலை இப்போது எழுதும் அவசரத்துக்கும் அதுவே காரணம்.

இதுவரை எழுதப்பட்ட சில திட்டங்களைப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. சுற்றுச்சுவரை உயர்த்துவது, வாசலில் பேவர் பிளாக் பதிப்பது, வகுப்பறைச் சுவர்களில் பிராணிகளின் சித்திரம் தீட்டுவது, கேமரா பொருத்துவது, டிஜிட்டல் போர்டு வாங்குவது என்று சென்ற வருஷத்துக் காகிதத்தில் இருந்தவை இந்த வருஷத்துக் காகிதத்திலும் தேதி மட்டும் மாறிக் குடியேறியிருந்தன. இவற்றில் எதுவும் வேண்டாதது என்று நான் சொல்லவில்லை. கழிப்பறைக்குத் தாழ்ப்பாளும் தண்ணீரும் இல்லாத பள்ளிக்குப் பெண் குழந்தையை அனுப்பும் தாயின் மனக்கலக்கத்தை அறியாதவர்தாம் கட்டடம் முக்கியமில்லை என்று பேசுவார்கள். ஆயினும் சுவருக்கும் கூரைக்கும் வாசலுக்கும் வேண்டியதையெல்லாம் வரிவரியாகக் கணக்கிட்ட அக்காகிதங்களில், மூன்றாம் வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஒரு குழந்தைக்கு என்ன வேண்டும் என்று கேட்கும் வரி ஒன்றைத் தேடியும் எனக்குக் கிடைக்கவில்லை.

அந்தக் குழந்தை எப்படியிருக்கும் என்பதை நீங்களே வீட்டில் பார்த்திருப்பீர்கள். நான் பார்த்ததை மட்டும் சொல்கிறேன். கட்டட வேலைக்குப் போகும் தாய்க்கு மூத்தவளாய்ப் பிறந்த ஒரு சிறுமி, ஆட்டுக்குட்டியைப் பற்றிய மராத்திப் பாடம் ஒன்றை, விரலால் வரியைத் தொட்டுக்கொண்டே, ஓர் எழுத்துக்கூடத் தடுக்காமல் ராகம் போட்டு வாசித்து முடித்தாள். பக்கத்தை மூடிவிட்டு, 'அந்த ஆட்டுக்குட்டி கடைசியில் என்ன ஆயிற்றம்மா?' என்று தமிழில் கேட்டேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள், பிறகு மூடிய புத்தகத்தைப் பார்த்தாள். ஆட்டுக்குட்டி தொலைந்ததும் அவளுக்குத் தெரியாது, கிடைத்ததும் தெரியாது. பள்ளிக் குறிப்பேட்டில் அவள் 'நன்றாக வாசிப்பவள்' என்ற கணக்கிலேயே இருக்கிறாள்.

நாம் வாழும் இடத்தின் இயல்பையும் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். கோலிகளும் ஆக்ரிகளும் மீன் பிடித்தும் நெல் பயிரிட்டும் வாழ்ந்த கிராமங்கள் இவை. 1960-களில் தானே–பேலாப்பூர்ச் சாலையோரம் தொழிற்சாலைகள் எழுந்தன. 1970-இல் சிட்கோ என்ற நகர அபிவிருத்திக் கழகம் தோன்றி நிலங்களைக் கையகப்படுத்தி செக்டர் செக்டராகக் கோடு கிழித்தது. 1992-இல் நவி மும்பை மாநகராட்சி வந்தது. பின்னர் முலுண்டிலிருந்து கழிமுகத்தைக் கடந்து வரும் பாலமும், 2004-இல் தானேயிலிருந்து பயணிகள் ரயிலும், அவற்றைத் தொடர்ந்து கண்ணாடிச் சுவர் போட்ட கம்ப்யூட்டர் கம்பெனிகளும் வந்து சேர்ந்தன. இந்த வரவுகளோடு கூடவே தமிழர்களாகிய நாமும் வந்தோம். ஆனால் ஒரே படகில் வரவில்லை. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் ஒரு தலைமுறை வாழ்ந்துவிட்டு, அங்கே வீட்டு விலை எட்டாமல் போனதால் இங்கே பிளாட் வாங்கியவர்கள் ஒரு சாரார். தாராவியின் நெருக்கத்திலிருந்து பெயர்ந்தும், திருநெல்வேலியிலிருந்தும் விழுப்புரம், கள்ளக்குறிச்சிப் பக்கங்களிலிருந்தும் நேரே ரயிலேறியும் வந்து, காலையில் கூலியாட்கள் கூடும் நாக்காவில் நின்று கட்டட வேலைக்கும், பார்சிக் குன்றுப் பக்கத்துக் கல்வேலைக்கும், பிளாட்டுகளில் வீட்டு வேலைக்கும் போகிறவர்கள் மற்றொரு சாரார். முதல் சாராரின் பேரப்பிள்ளைகளை மஞ்சள் பஸ் வந்து சி.பி.எஸ்.இ. பள்ளிக்கு அழைத்துப் போகிறது. மாநகராட்சிப் பள்ளியில் இருப்பவர்கள் உங்கள் குழந்தைகள். நான் முதல் சாராரைச் சேர்ந்தவன். பணி ஓய்வுக்குப் பின் மாலை வேளைகளில் திகாவில் சில குழந்தைகளோடு பாடப்புத்தகம் வாசித்துக்கொண்டிருப்பவன் என்ற ஒரு பாத்தியதையைத் தவிர, உங்களுக்கு யோசனை சொல்ல எனக்கு வேறு உரிமை கிடையாது.

பிருஹன்மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் ஆரம்பப் பள்ளிகளை நடத்துகிறது. அவற்றுள் தமிழும் ஒன்று. தாராவியில் பிறந்த குழந்தை அப்பள்ளிகளில் தன் தாய்மொழியிலேயே அகரம் எழுத முடியும். பாலத்துக்கு இந்தப் பக்கம் நம் குழந்தைகள் பெரும்பாலும் மராத்தியிலோ இந்தியிலோதான் முதல் எழுத்தை எழுதுகிறார்கள். இதைப் பெருங்குறையாக்கிப் புலம்புவதற்கு எனக்கு உத்தேசமில்லை. மகாராஷ்டிரத்தில் வாழ்கிறவன் மராத்தி கற்பது கடமையும் ஆகும், லாபமும் ஆகும். 2020-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி எல்லாப் பள்ளிகளிலும் மராத்தி கட்டாயப் பாடமானதும் நியாயமே. ஆனால் கல்விச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு, பயிற்று மொழி இயன்ற வரையில் குழந்தையின் தாய்மொழியாக இருக்கட்டும் என்று சொல்லியிருப்பதையும், தமிழ்ப் பள்ளியே இல்லாத இடத்தில்கூட அந்த வாசகத்தில் ஒரு துளியைப் பிழிந்தெடுக்க முடியும் என்பதையும் நினைவில் வையுங்கள். 2025-இல் ஒன்றாம் வகுப்பிலிருந்தே இந்தியை மூன்றாவது மொழியாக வைக்கலாமா என்று இந்த ராஜ்யத்தில் பெரிய சச்சரவு மூண்டு, ஏப்ரலில் பிறந்த அரசாணை ஜூன் 29 அன்று வாபஸாயிற்று. மூன்றாவது மொழிக்காகப் பெரியவர்கள் போட்ட சண்டையில் நூற்றில் ஒரு பங்கை, முதல் மொழியிலேயே கதை புரியாமல் விழிக்கும் குழந்தைக்காகப் போட்டிருந்தால் எவ்வளவோ நன்றாயிருந்திருக்கும்.

ஏழைக் குழந்தைக்கு எழுத்தறிவிப்பது யார் செலவில், யார் பொறுப்பில் என்ற விவாதம் இந்த மாகாணத்துக்குப் புதிதன்று. 1882-இல் கல்வி நிலையை விசாரிக்க ஹண்டர் கமிஷன் வந்தபோது ஜோதிராவ் பூலே தம் சாட்சியத்தில், குடியானவன் கட்டும் வரி மேல்வகுப்பாரின் உயர்கல்விக்குப் போய்ச் சேர்வதைச் சுட்டிக்காட்டி, ஆரம்பக் கல்வியைப் பொதுஜனங்களுக்குக் கட்டாயமாக்க வேண்டுமென்று கேட்டார். 1911-இல் கோகலே அதற்கென ஒரு மசோதாவைச் சட்டசபையில் கொண்டுவந்தார். பையன்களுக்கு மட்டும், அதுவும் ஏற்கெனவே பள்ளிக்குப் போகிறவர்கள் ஓரளவு தொகையாயிருக்கும் இடங்களில் மட்டும் என்று அவர் எவ்வளவோ அடக்கமாகக் கேட்டும், மறுவருஷம் 13 பேர் ஆதரிக்க 38 பேர் எதிர்த்து அதைக் கவிழ்த்தார்கள். அன்றிலிருந்து கணக்கிட்டால், நீங்கள் சஹி போட்ட ரிஜிஸ்டருக்கு ஆதாரமான சட்டம் வருவதற்குத் தொண்ணூற்றெட்டு வருஷங்கள் பிடித்தன.

இடையில் நம் தாய்நாட்டில் நடந்த ஒரு காரியத்தைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. காமராஜர் முதலமைச்சராகவும் நெ. து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராகவும் இருந்த காலத்தில், 1956-இல் எட்டயபுரத்தில் தொடங்கப்பட்ட மதிய உணவைப் பற்றி எல்லாரும் அறிவார்கள். 1958-இல் செங்கற்பட்டு ஜில்லாக் கடம்பத்தூரில் தொடங்கி ராஜ்யமெங்கும் பரவிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளைப் பற்றி இன்று பேசுவார் குறைவு. ஊர்தோறும் ஆசிரியர்களும் ஊராரும் கூடி உட்கார்ந்து, தங்கள் பள்ளிக்குக் கரும்பலகை வேண்டுமா, பெஞ்சு வேண்டுமா, தண்ணீர்ப் பானை வேண்டுமா, இன்னொரு கொட்டகை வேண்டுமா என்று பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் கிரயம் குறித்து, மாநாட்டில் அதை வாசிப்பார்கள். ஒருவர் பானைக்குப் பொறுப்பேற்பார், மற்றொருவர் பெஞ்சுக்கு, வசதியுள்ளவர் கட்டடத்துக்கு. பள்ளி அரசாங்கத்தினுடையது என்றிருந்த எண்ணம் மாறி, நம் ஊருடையது என்ற எண்ணம் அன்று வேர்விட்டது. தேசத்தின் கல்வியை ஆராய்ந்த கோத்தாரி கமிஷன் இந்த முயற்சியைப் பாராட்டிற்று.

அம்முயற்சியை வணங்கும்போதே அதன் எல்லையையும் சொல்லத்தான் வேண்டும். தானத்தை நம்பி நிற்கும் ஏற்பாட்டில், தனவந்தர் இருக்கும் ஊர்ப் பள்ளிக்கு ஓடு வேய்ந்த கட்டடமும், கூலிக்காரர் மட்டுமே வாழும் ஊர்ப் பள்ளிக்குப் பானையும் கிடைப்பது சகஜம். கொடுப்பவர் தமக்குக் கொடுக்கப் பிரியமானதைக் கொடுப்பாரேயொழிய, வாங்குகிறவருக்கு எது இல்லையோ அதைத் தேடிக் கொடுப்பது அபூர்வம். ஐரோலியில் இது இன்று வேறு உருவத்தில் நடக்கிறது. 2013-ஆம் வருஷத்துக் கம்பெனிச் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் தங்கள் லாபத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கைச் சமூகக் காரியங்களுக்குச் செலவிட வேண்டும். பள்ளிக்கு எதையாவது கொடுத்துப் போட்டோ எடுத்துக்கொள்ள அவர்களும் சித்தமாக இருக்கிறார்கள். ஒரு பள்ளியில் அப்படி வந்த கம்ப்யூட்டர்கள் பிளாஸ்டிக் உறைகூடக் கழற்றப்படாமல் பூட்டிய அறைக்குள் வரிசையாக உட்கார்ந்திருந்ததை ஜன்னல் வழியே பார்த்தேன். சாவி யாரிடம் என்பதைப் பற்றி இருவேறு அபிப்பிராயங்கள் நிலவின. கொடையை மறுக்கச் சொல்லவில்லை. கம்பெனிக்காரர் வரும்போது அவர் கையில் கொடுக்க உங்களிடம் ஒரு திட்டம் இருந்தால், 'ஒரு வருஷத்துக்கு வாசிப்பு சொல்லிக்கொடுக்கும் உதவியாளர் ஒருவருக்குச் சம்பளம் கொடுங்கள்' என்று கேட்க முடியும். திட்டம் இல்லாவிட்டால் அவர் கொண்டுவருவதை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இனி, திட்டத்தில் என்ன எழுதுவது என்ற விஷயத்துக்கு வருகிறேன். சமத்துவம் என்பதை எல்லாருக்கும் ஒரே அளவாகப் பங்கிட்டுக் கொடுப்பது என்று நாம் எளிதாக எண்ணிவிடுகிறோம். ஆறு தோசையை ஆறு பேருக்கு ஒவ்வொன்றாகப் போடும் தாய்கூட, ஜுரத்தில் படுத்துக் கிடந்தவனுக்கு வேறு ஏதாவது செய்யாமல் இருப்பதில்லை. பள்ளியில் அந்த ஜுரக்காரன் யார் என்று கண்டுபிடிப்பதே திட்டத்தின் முதல் வேலை. அதற்கு ரிஜிஸ்டர் போதாது. ரிஜிஸ்டரில் இருப்பவர்கள் பெயர் கொடுத்தவர்கள் மட்டுமே. டிசம்பர்க் கூட்டத்துக்கு முன்னால் குழுவினர் இரண்டிரண்டு பேராகப் பிரிந்து, அவரவர் சந்தில் ஆறு முதல் பதினான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகள் யார் யார், அவர்களில் எந்தப் பள்ளியிலும் இல்லாதவர் யார், பெயர் இருந்தும் வராதவர் யார் என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவிடலாம். தண்ணீர் லாரி வரும் நாளில் எந்த வீட்டுப் பெண் குழந்தை வகுப்புக்கு வருவதில்லை, கைக்குழந்தையை அங்கன்வாடி எடுத்துக்கொள்ளாததால் எந்த அக்காள் மூன்றாம் வகுப்போடு நின்றாள் என்பதெல்லாம் எந்த அதிகாரியின் கம்ப்யூட்டரிலும் இராது; உங்களுக்கோ விசாரிக்காமலே தெரியும்.

ஊருக்குப் போய்வரும் குழந்தைகளின் விஷயம் நமக்கே உரியது. மே மாதத்தில் கோயில் கொடைக்கு என்று போனவர்கள், டிக்கெட் கிடைக்காமலும் கூலி வேலை அமைந்துவிட்டதாலும் ஜூலைக் கடைசியில் திரும்பி வரும்போது, இங்கே ஜூன் மத்தியில் திறந்த பள்ளி பாதிப் புத்தகம் தாண்டியிருக்கும். முற்றிலும் புதிதாக வருகிறவர்களோ, பழைய பள்ளியின் தாக்லா (மாற்றுச் சான்றிதழ்) இல்லை, பிறப்புச் சான்று இல்லை என்ற பயத்தில் பள்ளியின் பக்கமே போகமாட்டார்கள். தாக்லா வரத் தாமதமாகிறது என்பதற்காகவோ, வயதுக்கு அத்தாட்சி இல்லை என்பதற்காகவோ, வருஷத்தின் நடுவில் வந்தார்கள் என்பதற்காகவோ ஒரு குழந்தையைத் திருப்பியனுப்பக் கூடாது என்று சட்டம் மூன்று இடங்களில் தெளிவாகச் சொல்கிறது. நடுவில் வந்த குழந்தைக்கு முதல் சில மாதங்கள் தினசரி ஒரு மணி நேரம் தனியாகச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும் என்று உங்கள் காகிதத்தில் எழுதினால், சட்டம் சொல்லும் விசேஷப் பயிற்சி என்பது அதுவேயாகும். யாரும் உங்களைப் பேராசைக்காரர் என்று சொல்ல முடியாது.

வாசிப்பைச் சோதிப்பதற்குப் பெரிய பரீட்சை எதுவும் வேண்டியதில்லை. 1995-இல் மும்பைச் சேரிகளில் பால்வாடிகளோடு தொடங்கிய பிரதம் என்ற ஸ்தாபனம், பின்னாளில் தேசமெங்கும் கிராமங்களில் நடத்திவரும் 'அசர்' கணக்கெடுப்பில் பயன்படுத்துவது ஒரே ஒரு காகிதம். அதில் சில எழுத்துக்கள், சில சொற்கள், ஒரு சிறு பத்தி, இரண்டாம் வகுப்புத் தரத்தில் ஒரு கதை. 2024-இல் அந்தக் கதையை வாசிக்க முடிந்த மூன்றாம் வகுப்புக் குழந்தைகள் கிராமப்புற அரசாங்கப் பள்ளிகளில் நூற்றுக்கு 23.4 பேர். இது நகரத்துக் கணக்கன்று. ஆயினும் நம் பள்ளியின் கணக்கு என்ன என்று கேட்கும் ஆவலை உண்டாக்கப் போதுமானது. நீங்கள் அந்தச் சோதனையோடு இன்னொரு கேள்வியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: வாசித்ததைக் குழந்தை தன் வீட்டுப் பாஷையில் திருப்பிச் சொல்லட்டும். தமிழ்க் குழந்தை தமிழில், போஜ்புரி பேசும் குழந்தை போஜ்புரியில், பஞ்சாராக் குழந்தை தன் மொழியில். நீங்கள் தமிழ்ப் பிரதிநிதிகளாக அந்தக் குழுவில் இல்லை. பள்ளியின் பிரதிநிதிகளாக இருக்கிறீர்கள். தமிழ்க் குழந்தைக்கு மட்டும் உதவியாளர் வேண்டும் என்று கேட்டால் பத்துப் பேர் முகம் சுளிப்பார்கள், அதில் நியாயமும் இருக்கும். அந்தந்தச் சந்திலிருந்து இரண்டு பாஷையும் தெரிந்த ஒரு பெண்மணியை ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளுக்கு அமர்த்தும்படி கேட்டால், கல்லுடைக்கும் வடார் வீட்டுத் தாயும் காத்கரித் தாயும் உங்களோடு சேர்ந்து கை தூக்குவார்கள்.

பணமே செலவாகாத ஒரு சீர்திருத்தமும் உண்டு. ஒருவேளை அதனாலேயே அது நடப்பதில்லை. பள்ளியில் மிகத் தேர்ந்த ஆசிரியர் யாரோ அவரை ஸ்காலர்ஷிப் பரீட்சைக்குப் போகும் வகுப்புக்கு விடுவது வழக்கம். நாலு பேர் பாஸாகி, பள்ளி வாசலில் பேனர் கட்ட வேண்டுமல்லவா? ஒன்றாம் வகுப்புக்கு வருகிறவர், அந்த வருஷம் மாற்றலாகி வந்தவராகவோ தற்காலிகமாக வந்தவராகவோ இருப்பார். அஸ்திவாரத்துக்குக் கற்றுக்குட்டியையும் மாடிப் பூச்சுக்குத் தலைமைக் கொத்தனாரையும் எந்த மேஸ்திரியும் அனுப்பமாட்டான் என்பதைக் கட்டட வேலை செய்யும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முதலிரண்டு வகுப்புகளுக்கு அனுபவமிக்கவர் வேண்டும் என்று திட்டத்தில் ஒரே வரி எழுதுங்கள். தலைமையாசிரியர் முதலில் திகைப்பார், பின்னர் யோசிப்பார்.

ஆசிரியர்களை எதிரிகளாக நினைத்து இக்காரியத்தில் இறங்கினால் எதுவும் தேறாது. முப்பது குழந்தைக்கு ஓர் ஆசிரியர் என்று சட்டம் சொல்லும் கணக்கு காகிதத்தில் சரியாயிருந்தாலும், காலியிடம், பிரசவ விடுப்பு, தேர்தல் வேலை என்று கழித்துக்கொண்டே போனால் வகுப்பில் நிற்பவர் எத்தனை பேர் என்பது வேறு. மக்கள்தொகைக் கணக்கு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகிய மூன்றைத் தவிர வேறெந்த வேலைக்கும் அவர்களை இழுக்கக் கூடாது என்ற 27-ஆம் பிரிவை ஆசிரியர்கள் சொன்னால் முறையீடாகக் கொள்வார்கள்; பெற்றோராகிய நீங்கள் எழுதினால் அது குழுவின் தீர்மானம். ஆசிரியருக்காகப் பேசும் குழுவை ஆசிரியர் மதிக்காமலிருக்க மாட்டார்.

இன்னும் இரண்டு விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். காது கேளாத, நடக்க இயலாத, மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கென்று நம் மாநகராட்சியே வாஷியில் நல்ல பெயரெடுத்த ஒரு மையத்தை நடத்துகிறது. திகாவின் மேட்டுச் சந்திலிருந்து அந்தக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ரயிலேறி வாஷிக்குப் போக ஒரு நாள் கூலியை இழக்கவேண்டும் என்பதால், மையம் இருந்தும் குழந்தை வீட்டிலேயே கிடக்கிறது. திட்டத்தில் வாகன வசதி என்று ஒரு வரி எழுதுங்கள். மற்றொன்று, வருஷாந்தர சஹல் என்ற சுற்றுலா: நீர்விளையாட்டுப் பூங்காவுக்கு நூற்றுக்கணக்கில் பணம் கேட்பதும், கட்ட முடியாத குழந்தைகள் அன்று 'வயிற்றுவலி'யில் படுத்துக்கொள்வதும் நமக்குத் தெரிந்த கதை. நம் ஐரோலியிலேயே கழிமுகக் கரையில் வனத்துறையின் பல்லுயிர் மையம் இருக்கிறது. குளிர்காலத்தில் பூநாரைகளைப் பார்க்க மும்பையின் மறுகோடியிலிருந்தெல்லாம் காரில் வருகிறார்கள். நடந்து போகும் தூரத்தில் உள்ள குழந்தைகள் அதைப் பார்த்ததில்லை. மொத்தப் பள்ளியையும் அங்கே அழைத்துப் போகச் சொல்லுங்கள்; ஒருவருக்கும் வயிறு வலிக்காது.

'இவ்வளவு பாடு எதற்கு, இங்கிலீஷ் மீடியத்தில் போட்டுவிட்டால் தீர்ந்தது' என்று உங்கள் வீட்டிலேயே சொல்வார்கள். தனியார் பள்ளிகளில் நான்கில் ஒரு பங்கு இடம் ஏழைகளுக்கென்று இதே சட்டம் ஒதுக்கியிருக்கிறது. 2024 பிப்ரவரியில் அரசாங்கப் பள்ளிக்கு ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் தனியார் பள்ளிகளுக்கு விலக்களிக்க மகாராஷ்டிர அரசாங்கம் விதியைத் திருத்தியபோது, பம்பாய் உயர்நீதிமன்றம் அதே ஆண்டு ஜூலை 19 அன்று அத்திருத்தத்தை ரத்து செய்தது. லாட்டரியில் பெயர் வந்தவர் தாராளமாகப் போகட்டும். பெயர் வராதவர் தொகை எப்போதும் அதிகம். அவர்களுக்கு இருப்பது நீங்கள் உட்கார்ந்திருக்கும் அந்தப் பள்ளி ஒன்றே. பிளாட்டுகளில் இருக்கும் என்னைப் போன்றவர்களுக்கும் இதில் வேலை உண்டு: மராத்தியில் திட்டத்தைச் சுத்தப் பிரதி எழுதிக் கொடுப்பது, கிரயங்களைக் கணக்குப் பார்ப்பது, குழந்தைகளை உட்கார வைத்து வாசிக்கக் கேட்பது. சங்கத்தில் பொங்கல் விழாவுக்குக் கூடுகிறவர்களில் ஐந்து பேரை இந்த வேலைக்கு இழுத்துவர நான் முயன்றுகொண்டிருக்கிறேன், இருவர் சம்மதித்திருக்கிறார்கள்.

கூட்டம் நடக்கும் நேரத்தை முதலில் மாற்றச் சொல்லுங்கள். பகல் பதினொரு மணிக்கு வைத்தால் கூலிக்குப் போகும் தாய்மார்கள் ஒரு நாள் சம்பளத்தை இழந்து வரவேண்டும். வரமாட்டார்கள், வராததையே 'அக்கறையில்லை' என்று எழுதிவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமையோ மாலை ஏழு மணியோ வைக்கலாம். பின்னால் நிற்காதீர்கள்; நாற்காலி போதாவிட்டால் எல்லாருமே தரையில் உட்காரட்டும். மராத்தியில் வாசிக்கப்படும் திட்டத்தை, புரியாதவர்களுக்கு அவரவர் பாஷையில் ஒருவர் சொல்லி முடிக்கும் வரையில் எவரும் சஹி போட வேண்டாம். குழுவின் தலைவர் பெற்றோரில் ஒருவராகத்தான் இருக்கவேண்டும் என்பதால், கடைசிக் கையெழுத்து உங்களில் ஒருவருடையதே. அந்தக் கையெழுத்து விழுந்தபின் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை மாநகராட்சிக் கல்விப் பிரிவில் நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, மற்றொன்றில் ரப்பர் முத்திரையும் இன்வர்ட் நம்பரும் தேதியும் வாங்கிக்கொண்டு வாருங்கள். கவுண்டரில் இருப்பவர் 'நம்பர் நாளைக்குத் தருகிறேன், போய்வாருங்கள்' என்று சொல்லக்கூடும். பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்தால் அன்றைக்கே தருவார்.

இங்ஙனம்,
உங்கள் நலம் நாடும்
ஐரோலிவாசி ஒருவன்